கொலம்பியா ஆற்றின் முதல் மீனவர்கள்

சரித்திரப் பாடத்தில் மன்னர்களைப் பற்றி நிறையப் படிக்கிறோம். கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் இருப்பதால், யார் எப்போது ஆண்டார் என்று சொல்ல முடிகிறது. ஆனால் எழுத்தே இல்லாத காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் மீன் பிடித்து வாழ்ந்த மனிதனைப் பற்றி எப்படித் தெரிந்து கொள்வது? அவனுடைய வலை நாரினால் ஆனது, மக்கிவிடும். வலையைக் கட்டிய கழி மரம், அதுவும் மக்கிவிடும். மீனையோ தின்று தீர்த்துவிடுவான். மிஞ்சுவது முள் ஒன்றுதான்!

அந்த முள்ளையே ஏடாகக் கொண்டு பத்தாயிரம் ஆண்டுக் கதையை விஞ்ஞானிகள் படித்திருக்கிறார்கள். அந்தக் கதை நடந்த இடம் வட அமெரிக்காவின் மேற்கே ஓடும் கொலம்பியா ஆறு. அதைப் படிக்கப் படிக்க இன்னொரு கேள்வியும் எழும். ஓர் ஆற்றின் மீன் வளம் எதனால் நிலைக்கிறது? எதனால் அழிகிறது? “நிறையப் பிடித்தால் அழியும், குறைவாகப் பிடித்தால் நிலைக்கும்” என்று உடனே சொல்லி விடாதீர்கள். விடை அவ்வளவு எளிதன்று.

ஆறும் மீனும்

கொலம்பியா ஆறு கனடா நாட்டு மலைகளில் பிறந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் நுழைந்து, வாஷிங்டன், ஆரிகன் என்னும் இரு மாநிலங்களுக்கு எல்லையாக ஓடிப் பசிபிக் கடலில் கலக்கிறது. நீளம் சுமார் 2,000 கிலோ மீட்டர்.

இந்த ஆற்றின் செல்வம் சால்மன் மீன். சால்மன் ஆற்றில் பிறக்கிறது. குஞ்சுப் பருவத்தில் நீரோட்டத்தோடு கடலுக்குப் போகிறது. அங்கே சில ஆண்டுகள் தின்று கொழுத்து, பின் தான் பிறந்த அதே ஓடையைத் தேடித் திரும்புகிறது. வழி எப்படித் தெரிகிறது? பிறந்த ஓடையின் வாசனையைக் குஞ்சிலேயே நினைவில் பதித்துக் கொள்கிறது என்று 1950-களில் தொடங்கிய ஆய்வுகளின் மூலம் ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் காட்டினார்கள். ஆற்றில் நுழைந்த பிறகு சால்மன் இரை தின்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பையே எரித்துக் கொண்டு எதிர்நீச்சல் போடுகிறது. அருவிகளைத் தாவிக் கடக்கிறது. பிறந்த இடத்தில் முட்டையிட்டதும் பசிபிக் சால்மன் இறந்து போகிறது.

கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும் மீன் நமக்கும் புதிதல்ல. வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் உல்லம் மீன் ஒரு காலத்தில் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்தது. மேட்டூர் அணை 1934-இல் கட்டப்பட்ட பின் அதன் வரத்து பெரிதும் குன்றிப் போயிற்று. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆறு குறுகும் இடம்

கடலிலிருந்து சுமார் 320 கிலோ மீட்டர் உள்ளே, டால்ஸ் என்னும் நகருக்கு அருகில், கொலம்பியா கரும்பாறைகளின் நடுவே புகுந்து வெளியேறியது. அங்கே செலிலோ என்ற அருவியும், அதற்குக் கீழே நெருக்கமான பாறை இடுக்குகளும் இருந்தன. 1805-ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்வழியே வந்த லூயிஸ், கிளார்க் என்ற ஆய்வுப் பயணிகளில் கிளார்க், ஓரிடத்தில் அப்பேராறு முழுவதும் 45 கஜ அகலத்துக்குள் நுழைந்து செல்வதாகக் குறித்து வைத்தார். நாற்பது மீட்டரைச் சற்றே தாண்டும் அகலம், அவ்வளவுதான்!

ஆறு குறுகினால் நீரின் வேகம் கூடும். எதிர்த்து ஏறும் மீன் களைத்து, கரையோரச் சுழல்களில் ஒதுங்கி இளைப்பாறும். லட்சக்கணக்கான மீன்கள் ஒரே இடுக்கில் கூட்டமாக நிற்கும். மீனைத் தேடி மனிதன் அலைய வேண்டியதில்லை. மீனே அவனைத் தேடி வந்தது.

சாலை வெட்டில் கிடைத்த சான்று

1950-களில் இவ்விடத்தில் ஒரு பெரிய அணை கட்டத் திட்டமிட்டார்கள். நீரில் மூழ்குமுன் பழைய குடியிருப்புகளை ஆராய வேண்டுமென்று, ஆரிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூதர் கிரெஸ்மன் 1952 முதல் சில ஆண்டுகள் அங்கே அகழாய்வு நடத்தினார். ‘சாலை வெட்டு’ என்று அழைக்கப்படும் ஓரிடத்தில், ஆற்றங்கரை மண்ணின் அடி அடுக்குகளில், சால்மன் மீனின் முதுகு முள்ளெலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒன்றிரண்டல்ல, ஒன்றரை லட்சத்துக்கும் மேல்! கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தபோது, அவை 9,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை என்று தெரிந்தது.

சால்மன் முள்ளெலும்பை அடையாளம் காண்பது கடினமல்ல. அது சிறு வட்டக் காசு போல இருக்கும். பக்கங்கள் தேன்கூடு போலத் துளை துளையாக இருக்கும். ஆகவே எலும்பு எந்த மீனுடையது என்பதில் ஐயம் எழவில்லை. ஐயம் வேறோர் இடத்தில் எழுந்தது.

மனிதன் தின்றதா? ஆறு ஒதுக்கியதா?

சால்மன் முட்டையிட்டபின் தானாகவே இறக்கும் மீன் என்று பார்த்தோம். அப்படியானால் செத்த மீன்களை வெள்ளம் அடித்து வந்து கரையில் ஒதுக்கியிருக்கலாம் அல்லவா? எலும்பு இருப்பதாலேயே மனிதன் மீன் பிடித்தான் என்று எப்படிச் சொல்வது? 1980-களில் சில ஆராய்ச்சியாளர்கள் இப்படிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

வர்ஜீனியா பட்லர் என்ற தொல்லியல் அறிஞர் இதற்கு விடை தேடினார். இயற்கையாக இறந்து ஆற்றோரம் கிடக்கும் சால்மன்களின் எலும்புகளை அவர் சேகரித்தார். உடலின் எந்தப் பகுதி எலும்புகள் எந்த விகிதத்தில் எஞ்சுகின்றன என்று எண்ணினார். பிறகு அந்தக் கணக்கைச் சாலை வெட்டு எலும்புகளின் கணக்கோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துப் போகவில்லை. அந்தக் குவியல் மனிதரின் வேலையே என்று 1993-இல் முடிவை வெளியிட்டார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பழைய குவியல்களில் சால்மனின் முதுகெலும்பு நிறையக் கிடைக்கிறது. தலை எலும்பு குறைவாகவே கிடைக்கிறது. உடனே “தலையை வேறெங்கோ வெட்டிப் போட்டுவிட்டு உடலை மட்டும் கொண்டு வந்தார்கள்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் பட்லரும் ஜேம்ஸ் சேட்டர்ஸும் சால்மன் எலும்புகளின் அடர்த்தியை அளந்து, 1994-இல் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். தலை எலும்பு மெல்லியது. முதுகெலும்பு அதைவிட அடர்த்தியானது. ஆகவே தலை எலும்பு மண்ணிலேயே கரைந்து போயிருக்கவும் கூடும்! ஒரு பொருள் கிடைக்கவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: அது அங்கே இல்லாதிருக்கலாம், இருந்து அழிந்திருக்கலாம். இந்த வேறுபாட்டை மறக்காமலிருப்பதே நல்ல விஞ்ஞானியின் இலக்கணம்.

மனித எலும்பு சொல்லும் உணவு

மீனின் எலும்பைப் போலவே மனிதனின் எலும்பும் பேசும். 1996-இல் கொலம்பியா ஆற்றங்கரையில், கென்னவிக் என்னும் ஊரில் ஒரு பழைய மனித எலும்புக்கூடு வெளிப்பட்டது. வயது ஏறத்தாழ 8,500 ஆண்டுகள். அவ்வட்டாரப் பழங்குடி மக்கள் அவரை ‘பழம் பெரியவர்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

நாம் உண்ணும் உணவிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் நம் எலும்பில் சேர்கின்றன. இந்தத் தனிமங்களின் கனமான, இலேசான ஐசோடோப்புகள் கடல் உணவில் ஒரு விகிதத்திலும், நில உணவில் வேறொரு விகிதத்திலும் இருக்கும். பழம் பெரியவரின் எலும்பில் காணப்பட்டது கடல் உணவின் விகிதம். ஊரோ, ஆற்று வழியாகக் கடலிலிருந்து 500 கிலோ மீட்டருக்கு அப்பால்! இதற்கு இரண்டு விளக்கங்கள் கூறப்பட்டன. கடற்கரையில் வாழ்ந்து கடல்நாய் போன்ற விலங்குகளைத் தின்று, பின்னர் உள்நாட்டுக்கு வந்தவர் என்றனர் சிலர். கடல் அவரிடம் வந்தது என்றனர் மற்றவர்கள். அதாவது, கடலில் உடல் வளர்த்து ஆற்றில் ஏறி வந்த சால்மனை அவர் தின்றிருக்கிறார்.

அவர் யாருடைய முன்னோர் என்பது பற்றி நீண்ட வழக்கு நடந்தது. 2015-இல் வெளியான மரபணு ஆய்வு, அவர் இன்றைய அமெரிக்கப் பழங்குடி மக்களோடு உறவுடையவர் என்று காட்டியது. 2017 பிப்ரவரியில் அம்மக்கள் அவரை மீண்டும் மண்ணுக்குள் வைத்தார்கள்.

வலையும் பறியும்

இந்த மீனவர்கள் எப்படி மீன் பிடித்தார்கள்? கல்லும் எலும்பும் மண்ணில் தங்கும். ஆகவே வலையின் அடியில் கட்டிய கல் குண்டுகளும், எலும்பு முனைகளும் ஆற்றோரத்துப் பழைய குடியிருப்புகளில் கிடைக்கின்றன. மற்றவற்றை, பிற்காலப் பயணிகளின் குறிப்பிலிருந்தும், பழங்குடி மக்களிடம் வழிவழியாக வந்துள்ள தொழில் முறையிலிருந்தும் அறிகிறோம்.

இடத்துக்கு ஏற்ற கருவி என்பதே அவர்களுடைய முறை. ஆறு அகன்று அமைதியாக ஓடும் கீழ்ப்பகுதியில் நீண்ட இழுவலை. அதற்கு மேலே தேவதாரு போன்ற இலேசான மரத்தில் மிதவை. கீழே கல் குண்டு. சிறு கிளையாறுகளில் கழிகளை நட்டுக் குறுக்கே வேலி கட்டி, மீனைத் தடுத்து ஈட்டியால் குத்துதல். அருவியடியில், தாவித் தவறி விழும் மீனை ஏந்திக் கொள்ளும் பெரிய கூடைப் பறி. செலிலோ போன்ற இடுக்குகளில், பாறையிலிருந்து நீருக்கு மேலே நீட்டிக் கட்டிய மரப் பரண். அதன்மேல் நின்று, நீண்ட கழியில் கட்டிய வளைய வலையை ஓட்டத்தில் விட்டு இழுத்தல். வலைக்கு வேண்டிய நூலைக் காட்டுச் சணல் வகைச் செடிகளின் நாரிலிருந்து திரித்தார்கள். பரணில் நின்றவர் இடுப்பில் கயிறு கட்டிக் கொள்வதும் உண்டு. விழுந்தால் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

காற்று செய்த கருவாடு

மீன் ஏறி வருவது சில மாதங்களில்தான். ஆனால் வயிறு ஆண்டு முழுவதும் கேட்குமே! ஆகவே, பிடிப்பதைவிடப் பதப்படுத்துவதே பெரிய வேலை. இதில் பெண்களின் கை தேர்ந்திருந்தது.

டால்ஸ் பகுதி இதற்கு மிகப் பொருத்தமான இடம். மலைப் பள்ளத்தாக்கின் வழியே அங்கே ஓயாமல் காற்று வீசும். கோடையில் அது வறண்ட காற்று. இன்னொரு வசதியும் உண்டு. ஆற்றில் நுழைந்த சால்மன் இரை தின்னாமல் கொழுப்பை எரிக்கிறது என்று சொன்னோம். டால்ஸை அடையும்போது அதன் உடலில் கொழுப்பு குறைந்திருக்கும். கொழுப்பு மிகுந்த மீன் உலர்த்தினாலும் சீக்கிரம் சிக்கு வாடை எடுக்கும். கொழுப்பு குறைந்த மீன் நன்றாகக் காயும், நெடுநாள் கெடாது.

காய்ந்த மீனை இரண்டு கற்களுக்கிடையே இடித்துத் தூளாக்கினார்கள். புல்லாலும் கோரையாலும் பின்னிய கூடையில், உலர்ந்த மீன் தோலை உட்புறம் விரித்து, தூளை இறுக அடைத்து மூடினார்கள். ஒவ்வொரு கூடையும் 90 முதல் 100 பவுண்டு, அதாவது 40 முதல் 45 கிலோ எடை. கீழே ஏழு, மேலே ஐந்து எனப் பன்னிரண்டு கூடைகள் ஓர் அடுக்கு. கிளார்க் அப்பாறைகளின் மேல் 107 அடுக்குகளை எண்ணினார். இப்படி வைத்த மீன் பல ஆண்டுகள் கெடாது என்றும் எழுதி வைத்தார்.

இதிலுள்ள விஞ்ஞானம் உங்களுக்குத் தெரிந்ததே. ஈரம் போய்விட்டால் நுண்ணுயிர்கள் பெருகா. இறுக அடைத்தால் காற்று புகாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எஞ்சிய கொழுப்பைக் கெடுக்காது. நம் ஊர்க் கருவாட்டுக்கு உப்பும் துணை செய்கிறது. அங்கே காற்றே போதுமானதாயிற்று. உள்ளூரில் தின்றது போக மிஞ்சிய தூள், தொலைதூரத்து மக்களுடன் பண்டமாற்றுக்கும் பயன்பட்டது. டால்ஸ் ஒரு பெரிய சந்தையாக விளங்கியது.

ஒரு கணக்கு

இந்த மக்கள் ஆண்டுக்கு எவ்வளவு மீன் பிடித்திருப்பார்கள்? கிரெய்க், ஹேக்கர் என்ற இருவர் 1940-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆற்றுப் படுகையில் 50,000 பேர் வாழ்ந்ததாகவும், ஒருவர் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு சால்மன் தின்றதாகவும் கொண்டார்கள். நீங்களே பெருக்கிப் பாருங்கள்:

50,000 × 1 × 365 = 1,82,50,000 பவுண்டு

அதாவது, ஆண்டுக்குச் சுமார் 83 லட்சம் கிலோ! பின்வந்த ஆய்வாளர்கள் சிலர், உண்மை இதைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கலாம் என்றார்கள். ஆக, பழைய மீனவர்கள் குறைவாகப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மீன் வந்து கொண்டே இருந்தது. வெள்ளையர் வருமுன் ஆண்டுதோறும் ஒரு கோடி முதல் ஒரு கோடியே அறுபது லட்சம் வரை சால்மன்கள் கொலம்பியாவில் ஏறின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது அடுத்த கணக்கைப் பாருங்கள்.

தகர டப்பாவின் காலம்

1866-இல் கொலம்பியாவின் கீழ்ப்பகுதியில், சால்மனைத் தகர டப்பாவில் அடைக்கும் முதல் தொழிற்சாலையை ஹியூம் சகோதரர்களும் ஹேப்குட் என்பவரும் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அவர்கள் அடைத்தது 4,000 பெட்டி. பெட்டிக்கு 48 டப்பா. விரைவிலேயே ஆற்று முகத்தில் தொழிற்சாலைகள் பெருகின. 1883-இல் சினூக் என்னும் பெரிய வகைச் சால்மன் மட்டும் 4 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 1 கோடியே 90 லட்சம் கிலோ பிடிபட்டது. அதுவே உச்சம். அதன்பின் சினூக் குறையத் தொடங்கியது. குறைந்ததும், அதுவரை சீந்தாதிருந்த மற்ற வகைகளை, ஒன்றன்பின் ஒன்றாக, டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார்கள். நீரோட்டமே சுழற்றி மீனை அள்ளும் மீன் சக்கரங்களும் வந்தன. அவற்றை ஆரிகன் மாநிலம் 1926-இலும் வாஷிங்டன் மாநிலம் 1934-இலும் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தடை செய்தன.

இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எடை வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதல்ல. அப்படியானால் பத்தாயிரம் ஆண்டு நிலைத்த வளம், இருபது ஆண்டுகளில் ஏன் ஆட்டங்கண்டது?

எவ்வளவு என்பது மட்டுமா?

எவ்வளவு பிடித்தார்கள் என்பதோடு எதை, எங்கே, எப்போது பிடித்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எதை? பழைய மீனவர்கள் சால்மனின் எல்லா வகைகளையும், வேறு மீன்களையும் பிடித்தார்கள். தொழிற்சாலைகள் முதலில் நாடியது, விலை அதிகமுள்ள வசந்தகால, கோடைகாலச் சினூக்கை மட்டுமே.

எங்கே? பழைய மீன்பிடிப்பு ஆறு முழுவதும், நூற்றுக்கணக்கான கிளையாறுகளிலும் பரவியிருந்தது. ஒவ்வொரு கிளையாற்றுக்கும் தனித்தனிச் சால்மன் கூட்டம் உண்டு என்பதை மறவாதீர்கள். ஓரிடத்தில் மிகுதியாகப் பிடித்தால் அந்த ஒரு கூட்டமே குறையும். தொழிற்சாலைகளோ ஆற்று முகத்தில் வலையை விரித்தன. எல்லாக் கூட்டங்களும் அந்த ஒரு வாசல் வழியேதான் வந்தாக வேண்டும். இன்ன ஓடையின் மீன் என்று வலைக்குத் தெரியுமா?

எப்போது? ஆண்டின் முதல் சால்மன் வந்ததும் பழங்குடி மக்கள் அதற்கு ஒரு சடங்கு செய்தார்கள். அந்த விருந்து முடியும்வரை பொது மீன்பிடிப்பு தொடங்காது. செலிலோவில் மீன்பிடியை முறைப்படுத்த ஒரு சால்மன் தலைவர் இருந்தார். யார் எந்தப் பரணில் நிற்பது, எப்போது வலையை எடுப்பது என்பதெல்லாம் அவர் சொற்படி நடந்தது. யாரேனும் இறந்தால் மீன்பிடிப்பு நின்றது. இவை பக்தியாலும் வழக்கத்தாலும் வந்த விதிகள். ஆனால் விளைவு என்ன? வலை நின்ற ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டம் மீன் மேலே ஏறிப் போய் முட்டையிட்டது.

அருவி மூழ்கிய நாள்

1855-இல் யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய பழங்குடியினர் அரசுடன் உடன்படிக்கை செய்து நிலத்தின் பெரும் பகுதியை விட்டுக் கொடுத்தார்கள். ஆனால் தாங்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை. கரையை வாங்கியவர்கள் வேலி போட்டுத் தடுத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1905-இல் அந்த உரிமை செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

உரிமை இருந்தது, ஆனால் இடம் இருக்கவில்லை. 1938-இல் பான்வில் அணை எழுந்தது. அதில் மீன் ஏறிச் செல்லப் படிப்படியான நீர்த்தொட்டிகள், அதாவது மீன் ஏணிகள் அமைத்தார்கள். 1942-இல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் ஏணியே இல்லை. அதற்கு மேலிருந்த ஆறு முழுவதும் சால்மனுக்கு அடைபட்டது. 1957 மார்ச் 10-ஆம் நாள் டால்ஸ் அணையின் மதகுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்தில் செலிலோ அருவி நீருக்கடியில் போயிற்று. அணையை எதிர்த்து வந்த முதிய சால்மன் தலைவர் டாமி தாம்ஸன் 1959-இல் காலமானார். நான்கு பழங்குடியினருக்கும் சுமார் 2.7 கோடி டாலர் நஷ்ட ஈடு தரப்பட்டது.

அணைகள் மின்சாரமும் பாசனமும் தந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் அணை, மரம் வெட்டுதல், சுரங்கம், மிகுதியான மீன்பிடிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து சால்மனைப் பழைய அளவில் ஒரு சிறு பங்காக்கிவிட்டன. 1992-இல், கடலிலிருந்து சுமார் 1,450 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ரெட்ஃபிஷ் என்ற மலை ஏரிக்குத் திரும்பி வந்த சாக்கை வகைச் சால்மன் ஒன்றே ஒன்று!

அதன்பின் மீட்கும் முயற்சிகள் பெருகின. 1977-இல் நான்கு பழங்குடியினரும் சேர்ந்து அமைத்த மீன்வள ஆணையம் விஞ்ஞானிகளுடன் இதில் பணியாற்றி வருகிறது. 2008-இல் ஒலியலைக் கருவியால் நீரின் அடியை ஆராய்ந்தபோது, செலிலோ அருவியின் பாறைகள் சிதையாமல் அப்படியே இருப்பது தெரிந்தது.

நண்பர்களே, பத்தாயிரம் ஆண்டு மீன்பிடிப்பு ஆற்றங்கரையில் விட்டுச் சென்றது ஒரு குவியல் முள்ளெலும்பு. அதை எண்ணி, அளந்து, ஒப்பிட்டு அறிந்த பாடம் இது: ஆற்றிலிருந்து நிறைய எடுக்கலாம், ஆனால் எல்லாக் கூட்டங்களையும் ஒரே வாசலில் மறிக்கக் கூடாது. திரும்பும் வழி திறந்திருந்தால்தான் மீன் திரும்பும்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் மீன் சமைக்கும் நாளில் ஒரு முதுகு முள்ளெலும்பைக் கழுவி உலர்த்துங்கள். அதன் குழிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வட்ட வட்டமான வரைகள் தெரிகின்றனவா? பல மீன்களின் வயதை இவ்வரைகளைக் கொண்டு கணிக்கிறார்கள்.

2. ஒரு மீன் துண்டை எடை போட்டு, வெயிலில் நன்றாக உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். நூற்றுக்கு எத்தனை பங்கு ஈரம் போயிற்று?

சிந்தியுங்கள்

1. ஓர் அகழாய்வில் மீன் எலும்பே கிடைக்கவில்லை. அங்கு வாழ்ந்தவர்கள் மீன் தின்னவில்லை என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுங்கள்.

2. உங்கள் ஊர் ஆற்றிலோ ஏரியிலோ மீன்பிடிப்பு நிறுத்தப்படும் காலம் உண்டா? எந்த மாதங்களில்? ஏன் அந்த மாதங்கள்? மீன் பிடிப்பவர்களைக் கேட்டு எழுதுங்கள்.